எத்தனை தரமும் பூசலாம் என்று சொன்னவன்

போன மாதம் என் முழங்காலுக்கு ஒரு ஜெல் வாங்கினேன். வலியையும் வீக்கத்தையும் தணிக்கிற மருந்தை வாயால் விழுங்காமல் தோல் வழியாக உள்ளே அனுப்புவதற்கென்று செய்த சாமான். இப்போது கல்முனையில் எந்த மருந்துக்கடைக்குப் போனாலும் கண்ணாடிக்குப் பின்னால் நாலைந்து பெயர்களில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். கடையில் நின்ற பெண்பிள்ளை படித்த மருந்தாளர், மரியாதை தெரிந்தவர். குழாயை உறையில் போட்டுக்கொண்டே சொன்னார்:

"இது வயித்துக்கு ஒண்டும் செய்யா மாமா. வெளியால பூசுறதுதானே. எத்தின தரமெண்டாலும் பூசலாம்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "ஆரு புள்ள உங்களுக்கு இதச் சொல்லித் தந்த?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளையின் முகம் வாடிப்போனது.

"ஏன் மாமா, நான் பிழையாச் சொல்லிட்டனா?"

உறையை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். நாற்பது வருடங்களுக்கு முன்பு அதே வசனத்தை, ஏறக்குறைய சொல்லுக்குச் சொல், நானும் ஒரு மனிதரிடம் சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளைமேல் வந்த கோபம் என்மேல் வர வேண்டிய கோபம். கடையில் சொல்ல முடியாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் கொழும்பில் இரண்டு வருடம் மருந்து கலக்கப் படித்தேன். அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. மழையும் பாணும் பருப்பும்தான் நினைவில் நிற்கின்றன. பிறகு எங்கள் கரைப்பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் மருந்தறைக்கு வந்து சேர்ந்தேன். எங்களை டிஸ்பென்சர் என்பார்கள். ஊர்ச் சனங்களுக்கு நான் 'மருந்துத் தம்பி'.

மருந்தறைக்குப் பெரியவர் நடராசா ஐயா. காரைதீவுக்காரர். நெற்றியில் திருநீறு, வெள்ளைக் காற்சட்டை, மடிப்புக் குலையாத சேட். மருந்து ஊற்றும்போது அவரோடு யாரும் கதைக்கக் கூடாது. கதைத்தால் இடது கைச் சுட்டுவிரல் மேலே எழும்பும், அவ்வளவுதான். போத்தலை எடுக்கும்போது ஒருதரம், ஊற்றும்போது ஒருதரம், திருப்பி வைக்கும்போது ஒருதரம் என்று லேபலை மூன்று தரம் வாசிப்பார். லேபல் உள்ளங்கைப் பக்கம் இருக்கும்படி பிடித்துத்தான் ஊற்றுவார். வடிகிற துளி எழுத்தை அழித்துவிடக் கூடாதாம். வெளியே பூசுகிற மருந்து என்றால் சிவப்பு மையால் எழுதுவார்.

இதெல்லாம் நானும் பழகிக்கொண்டேன். அவருடைய ஒரு பழக்கம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. மருந்தை நீட்டிவிட்டு, போத்தலை உடனே விடமாட்டார். அந்தப் பக்கம் நோயாளியின் கை, இந்தப் பக்கம் இவர் கை. "இப்ப நீங்க சொல்லுங்க. வீட்ட போய் இத என்ன செய்வீங்க?" என்று கேட்பார். அந்த ஆள் சொல்லி முடித்த பிறகுதான் கையை எடுப்பார். யன்னலுக்கு வெளியே வரிசை வாகைமரம் வரைக்கும் நிற்கும். இவர் கிழவிகளோடு கதைகேட்டுக்கொண்டு நிற்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒருநாள் சொல்லியும் விட்டேன்.

"ஐயா, நாமதான் விளக்கமாச் சொல்றமே. பொறகு என்னத்துக்கு அவங்களக் கேக்குற?"

"நாம சொன்னது நமக்குத் தெரியும் காதர். அவங்களுக்கு என்ன கேட்டிச்செண்டு தெரியாதே" என்றார். நான் தலையாட்டினேன். மனதுக்குள் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்தக் காலத்தில் மூட்டுவலிக்குப் பூசுவதை நாங்களே செய்வோம். மெதைல் சலிசிலேற்று என்ற எண்ணெய், பெரிய கபில நிறப் போத்தலில் வரும். அஸ்பிரின் மாத்திரைக்கு அது ஒன்றுவிட்ட சகோதரம். மூடியைத் திறந்தால் கண்ணுக்குள் போய்க் குத்தும். இலேசான மருந்து வேண்டுமென்றால் கடலை எண்ணெயில் கலந்து போத்தலில் கொடுப்போம், அது லினிமென்ட். காரமானது வேண்டுமென்றால் ஒயின்மென்ட். தேன்மெழுகையும் ஆட்டுரோமக் கொழுப்பையும் கொதிநீருக்கு மேல் வைத்து உருக்கி, இறக்கி, கை பொறுக்கிற சூட்டுக்கு வரும்வரை கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் எண்ணெயைச் சேர்ப்பது. அவசரப்பட்டுச் சூட்டோடு ஊற்றினால் மருந்து ஆவியாகிப் போய், அறை முழுக்க மணம் மட்டும்தான் மிஞ்சும். ஆறி இறுகும்வரை கிண்டி, தட்டைக் கத்தியால் வழித்துச் சாடிகளில் அடைப்போம். பாதிக்குப் பாதி மருந்து இருக்கும். நடராசா ஐயா அதைச் சின்னச் சாடியில், இரண்டு விரல் நுனியால் எடுத்துக் காட்டித்தான் கொடுப்பார். என் கை அந்த வேலைக்கு நன்றாக வாய்த்திருந்தது. கட்டியில்லாமல், வெண்ணெய் மாதிரி வரும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

எண்பதுகளின் முன்பாதியில் நோன்பு மாதம் கச்சான் காற்றுக் காலத்தில் வந்தது. கச்சான் என்றால் எங்கள் பக்கத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மேற்கிலிருந்து வயல்களைக் கடந்து அனலாக வரும், உதடு வெடிக்கும். அந்த மாதம் பகலில் மாத்திரை விழுங்க முடியாது. வயலில் நிற்பவர்கள், வலை இழுப்பவர்கள், தறியில் இருப்பவர்கள் எல்லாரும் யன்னலுக்கு வந்து ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "பூசுற மருந்து நோன்ப முறிக்குமா?" முறிக்காது என்று பள்ளிவாசலில் சொல்லியிருந்தார்கள். அது மார்க்கம் தெரிந்தவர்கள் மார்க்கத்தைப் பற்றிச் சொன்னது, சரியானது. நான்தான் அதை மருந்துக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். நோன்பு முறியாது என்றால் உள்ளேயே போகாது என்று ஆகிவிட்டது என் புத்தியில். பெரிய வாளியில் ஒயின்மென்ட் செய்து அடுக்கினேன். சனங்கள் அதற்கு 'நோன்பு மருந்து' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். "மருந்துத் தம்பிட நோன்பு மருந்து இரிக்கா?" என்று ஆட்கள் கேட்டு வரும்போது எனக்குக் கால் நிலத்தில் நிற்காது.

ஆதம்பாவா காக்கா மருதமுனை நெசவாளி. வயதில் மூத்தவர்களை நாங்கள் காக்கா என்போம். நாற்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான மனிதர், தன் பகிடிக்குத் தானே முதலில் சிரிப்பவர். குழித்தறியில் இருந்து காலால் மிதித்து மிதித்து இரண்டு முழங்காலும் வீங்கியிருந்தன. அதற்கு ஆறேழு மாதத்துக்கு முன்புதான் வயிற்றுப்புண் வெடித்து, மலம் கறுப்பாகப் போய் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார். வலிமாத்திரை ஒன்றும் இனிக் கூடாது என்று டொக்டர் அவருடைய மருந்துச்சீட்டுத் துண்டில் கோடு கீறி எழுதியிருந்தார். அன்றைக்குக் கொண்டுவந்த துண்டில் லினிமென்ட், ஒரு நாளைக்கு இரண்டு தரம் என்று இருந்தது.

அந்த இரண்டு வாரமும் நடராசா ஐயா லீவில். அவருடைய ஊர் அம்மன் கோயிலில் குளிர்த்திச் சடங்கு. மருந்து அலுமாரியின் திறப்புக்கொத்து என்னிடம் இருந்தது.

"தம்பி, இந்த எண்ணெ தறியில இரிக்கிறத்துக்குள்ளயே காஞ்சி போகுது" என்றார் ஆதம்பாவா காக்கா. "பெருநாளைக்குள்ள ரெண்டு பாவு சாரன் முடிச்சிக் குடுக்கணும். காலத் தூக்கி வைக்க ஏலாம இரிக்கி. நோன்ப விட எனக்கு மனம் இல்ல. உங்கட அந்த நோன்பு மருந்தத் தாங்களன்."

எடுத்துக் கொடுத்தேன். சின்னச் சாடி முடிந்திருந்தது, பெரியதைக் கொடுத்தேன். துண்டில் இருந்தது வேறு மருந்து என்று எனக்குத் தெரியும். இதுவும் அதுவும் ஒரே எண்ணெய்தானே, கொஞ்சம் காரம் கூட, அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

"இது வயித்துக்குப் போற சாமான் இல்ல காக்கா. எத்தின தரமும் பூசலாம். பயப்படாமப் பூசுங்க" என்றேன்.

அவர் சாடியை இரண்டு கையாலும் வாங்கினார். நான் உடனே கையை எடுத்துவிட்டேன். வீட்டில் போய் என்ன செய்வீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பார். எங்கள் பக்கத்தில் மூட்டில் எதைப் பூசினாலும் அதன்மேல் எருக்கலை இலையைத் தணலில் வாட்டிச் சூட்டோடு வைத்து, துணியால் இறுக்கிக் கட்டுவது வழக்கம். என் உம்மாவும் அப்படித்தான் கட்டுவார். இது எனக்குத் தெரியாத விஷயமே அல்ல. தெரிந்திருந்தும், என் சாடியிலுள்ள மருந்துக்கும் அந்த இலைக்கும் நான் ஒரு முடிச்சும் போட்டுப் பார்க்கவில்லை. சூடும் கட்டும் சேர்ந்தால், தோல் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற மருந்தைத் திறந்துவிட்ட வாய்க்கால் மாதிரி உள்ளே விடும். அது இரத்தத்தில் கலந்தால் மாத்திரை விழுங்கியதும் ஒன்றுதான், வயிற்றுப்புண்ணையும் போய்த் தொடும். தண்ணீர் குடிக்காத உடம்பு அதை வெளியேற்றவும் மாட்டாது.

பத்து நாள் கழித்துச் சாடி முடிந்து திரும்பி வந்தார். முகம் தெளிவாக இருந்தது. ஒரு பாவு சாரன் நெய்து முடிந்துவிட்டதாம்.

"கால் நல்லம், அல்ஹம்துலில்லாஹ். காதுதான் தம்பி. உள்ளுக்க சில்வண்டு கத்துறாப்போல இரிக்கி."

"தறிச் சத்தம் காக்கா. நோன்புக் களைப்பும் இரிக்கும். விடியச் சஹர்ச் சாப்பாட்டோட நல்லாத் தண்ணி குடிங்க" என்று சொல்லி இன்னொரு பெரிய சாடியைக் கொடுத்தேன்.

அஸ்பிரின் கூடிப்போனால் முதலில் காதில் இரைச்சல் வரும் என்பது நான் பரீட்சைக்கு எழுதி மார்க்ஸ் வாங்கிய விடை. மாத்திரை போடாத மனிதரிடம் அதைத் தேடவேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை. அவர் வாயாலேயே சொல்லிக் காட்டினார், நான் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

பெருநாளைக்கு ஐந்தாறு நாள் இருக்கையில், பிற்பகல், அஸர் தொழுகைக்கு முன்னால் அவரைக் கொண்டுவந்தார்கள். தறிக்குழியிலிருந்து தூக்கியிருந்தார்கள். ஓடி வந்தவர்போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஆட்களை அடையாளம் தெரியவில்லை. வாந்தி கோப்பிச்சாறு மாதிரி கறுப்பு. டொக்டர் கட்டிலருகே குனிந்தவர் மூக்கைச் சுளித்து நிமிர்ந்தார். வார்டு முழுக்க என் மருந்தின் மணம்.

"எத்தனை மாத்திரை போட்டவர்?" என்று கேட்டார்.

"ஒண்டும் இல்ல ஐயா. அவர் நோன்பு" என்றார் மனைவி சுலைஹா உம்மா.

என்னைக் கூப்பிட ஆள் வந்தது. நான் போய் நின்றபோது டொக்டர் சுலைஹா உம்மாவிடம் அடுத்த கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். "பூசின இடத்தில ஏதும் வைத்துக் கட்டினீங்களா? இலை, துணி, ஏதாவது?"

சுலைஹா உம்மா முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "இல்ல" என்றார்.

கட்டிலில் கிடந்தவரின் சாரன் முழங்காலுக்கு மேல் ஒதுங்கியிருந்தது. இரண்டு முழங்காலிலும் இலை நரம்பின் அச்சு, பச்சைக் கறை. நான் அதைப் பார்த்தேன். நிமிர்ந்தபோது சுலைஹா உம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். இலை என்று நான் வாயைத் திறந்தால், கட்டக் கூடாதென்று யார் சொல்லியிருக்க வேண்டும் என்ற கேள்வி அடுத்ததாக என்னிடம்தான் வரும். நான் வாய் மூடியதற்குக் காரணம் அது மட்டும்தான். வேறு நல்ல காரணம் எதையும் இந்த வயதில் நான் இட்டுக்கட்டப் போவதில்லை.

சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டுவந்து உடம்பைக் கழுவச் சொன்னார் டொக்டர். ஒரு காலை நான் கழுவினேன், மற்றதைச் சுலைஹா உம்மா கழுவினார். கறை இலேசில் போகவில்லை. சேலைன் ஏற்றி, இரத்தம் கொடுப்பதற்காக மட்டக்களப்புக்கு அம்புலன்ஸில் அனுப்பினார்கள். கல்லாற்றுப் பாலம் தாண்டும்போது மூச்சு நின்றுவிட்டது.

நடராசா ஐயா அந்த வேளை வேலைக்குத் திரும்பியிருந்தார். மருந்தறையில் துண்டையும் சாடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். லேபலை மூன்று தரம் வாசித்தார்.

"அவரக் கேட்டயா?" என்றார்.

"என்னத்த ஐயா?"

"வீட்ட போய் என்ன செய்வீங்க எண்டு."

நான் அழுதுவிட்டேன். இலைக்கறையையும் சொன்னேன். அவர் ஒன்றும் ஏசவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு டொக்டரின் அறைக்குப் போய், "எங்கட பக்கம் பிழை நடந்திருக்கு சேர். மருந்தறை என்ட பொறுப்பு" என்றார். எனக்கு மேலிடத்திலிருந்து ஒரு கண்டிப்புக் கடிதம் வந்தது. அவருக்கும் ஒன்று வந்தது, ஒரு பிழையும் செய்யாத மனிதருக்கு. அன்று தொடக்கம் எங்கள் சாடிகளில் சிவப்பு மையில் இரண்டு வரி கூடியது: பூசிய இடத்தை மூடிக் கட்டக் கூடாது, சூடு காட்டக் கூடாது.

மையத்து வீட்டில் சனம் நிறைந்திருந்தது. "நோன்பு மாசத்தில மௌத்தாகக் குடுத்து வச்சிரிக்கணும்" என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். ஒருவர் என் தோளைத் தொட்டு, "உங்கட மருந்தாலதான் தம்பி மனிசன் கடைசி வரைக்கும் நோன்பு புடிச்சார்" என்றார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். எனக்கு அன்றைக்குப் பழி வரவில்லை, நன்றி வந்தது. அதை வாங்கிக்கொண்டு நின்றேன்.

"அந்தப் பொம்புளையிட்ட நீ போய்ச் சொல்லோணும் காதர்" என்றார் நடராசா ஐயா. "ஆரு பிழை எண்டு அவவுக்குத் தெரியோணும்."

சுலைஹா உம்மா இத்தாவில் இருந்தார். கணவன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் முன்னால் வரமாட்டார்கள். "இத்தா முடியட்டும் ஐயா" என்றேன். உண்மையான காரணம்தான். ஆனால் அது கிடைத்ததில் எனக்கு ஆறுதலாக இருந்தது. இத்தா முடிந்தது. மாரி மழை வந்தது, போகவில்லை. நடராசா ஐயா பென்ஷனில் போகும்வரை மாதத்துக்கு ஒருதரம், "போனயா?" என்று கேட்பார். "போறன் ஐயா" என்பேன். ஆறின கஞ்சி பழங்கஞ்சி. நாள் போகப் போக, இனிப் போய் ஏன் அந்த மனிசியின் புண்ணைக் கிளற வேண்டும் என்று எனக்கு நானே நியாயமும் கண்டுபிடித்துக்கொண்டேன். ஐயாவும் காலமாகிவிட்டார். அவர் கேட்ட கேள்விக்கு நான் கடைசிவரை பொய்தான் சொன்னேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அடுத்த நோன்பு தொடக்கம் ஒவ்வொரு வருடமும் முதல் நோன்பன்று சுலைஹா உம்மா வீட்டிலிருந்து எங்களுக்குக் கஞ்சி வரும். மூடி போட்ட வாளியில், இஞ்சியும் தேங்காய்ப்பாலும் மணக்க. கலவரக் காலத்தில் இரண்டொரு வருடம் வரவில்லை, மற்றப்படி தவறியதில்லை. நோன்பு பிடிக்க வைத்த மருந்துக்கு நன்றி என்று நினைத்து, வாங்கிக் குடிப்பேன். திருப்பி அனுப்பவும் எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

இந்த வருடம் கஞ்சி வரவில்லை. விசாரித்தால், நோன்புக்கு முந்திய மாதம் சுலைஹா உம்மா மௌத்தாம். நான் ஊரில் இல்லாத நாட்களில் நடந்திருக்கிறது. பெருநாள் கழித்து அந்த வீட்டுக்குப் போனேன். அந்த மையத்துக்குப் பிறகு நாற்பது வருடத்தில் முதல் தரம். மகள் மக்பூலா படிப்பித்து ஓய்வுபெற்றவர். கதிரை போட்டு இருக்கச் சொன்னார்.

"உம்மாக்கும் கடைசியில முழங்கால்தான் மாமா" என்றார். "ஆனா ஒண்டும் பூச விடமாட்டா. நாங்க இலை வாட்டிக் கட்டப் போனா கையத் தட்டி விடுவா. வளவுக்க ஒரு எருக்கலை முளைக்க விடல்ல, கண்ட இடத்தில புடுங்கி எறிவா. மௌத்துக்கு ரெண்டு நாளைக்கு முந்தித்தான் சொன்னா. வாப்பாக்கு இலை வச்சிக் கட்டினது அவதானாம். டொக்டர் கேட்டப்போ பயத்தில இல்லெண்டு சொன்னாவாம். உங்கட வாப்பாவ நான்தான் இலை கட்டிக் கொன்னுட்டன் எண்டு அழுதா."

மக்பூலா என்னைப் பார்த்து, ஆதரவாகச் சொல்வதுபோலச் சொன்னார்:

"நீங்க அண்டைக்கு அந்தக் கறையக் கண்டீங்களாமே. கண்டும் காட்டிக் குடுக்கல்லயாம். அந்த மனிசன்ட மனசுக்குத்தான் நான் கஞ்சி அனுப்புற, நான் இல்லாட்டியும் அனுப்புங்க எண்டு சொல்லிட்டுப் போனா. வீட்டில மௌத்து நடந்ததால இந்த முறை ஏலாமப் போச்சு மாமா. குறை நினைக்காதீங்க."

அப்போதுதான் சொன்னேன். துண்டில் இருந்தது என்ன, நான் கொடுத்தது என்ன, எத்தனை தரமும் பூசலாம் என்று சொன்னது, கேட்காமல் விட்டது, காது இரைகிறதென்று வந்தவரைத் திருப்பி அனுப்பியது, எல்லாவற்றையும் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். "உங்கட உம்மாவில ஒரு பிழையும் இல்ல. நம்ம ஊரில எல்லாரும் செய்றதத்தான் அவ செஞ்ச. அது கூடாதெண்டு சொல்ல வேண்டிய ஆள் நான்" என்றேன்.

மக்பூலா என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன், ஏசினால் நன்றாக இருக்குமென்றும் நினைத்தேன். முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இத உம்மாட்ட வந்து சொல்லியிருக்கலாமே மாமா" என்றார்.

"ஓம் புள்ள" என்றேன். எழும்பி வந்துவிட்டேன்.

நாளைக்கு அந்த மருந்துக்கடைக்குப் போக வேண்டும். வாடிய முகத்தோடு நின்ற பிள்ளையிடம், ஆம், பிழையாகத்தான் சொன்னீர்கள் என்றும், ஏன் என்றும் சொல்ல வேண்டும். இந்த முறை நாளைக்கே போய்விட வேண்டும்.